இருளாண்டியின் கைநாட்டு

சோணைமுத்து தன் அய்யாவின் இடது கைப் பெருவிரலைப் பிடித்து நிமிர்த்தினான். விட்டதும் அது மடங்கி, மற்ற விரல்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது. விறைத்த உடம்பில் விரல் மடங்குமா என்று அவன் யோசிக்கவில்லை. மறுபடியும் பிடித்தான்.

வாய்க்கரிசிக்கு அரிசி எடுக்க உள்ளறைக்கு வந்த அவன் பெண்டாட்டி பூமயில், அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மாமனார் இருளாண்டி விடியலில்தான் கண்ணை மூடியிருந்தார். வாசலில் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே புருஷன் மடியில் ஒரு புரோநோட்டு, பக்கத்தில் மைப்பெட்டி. பரமக்குடி வட்டிக்கடை ஆள் கொல்லைப்புறம் சைக்கிளோடு காத்து நின்றான்.

கிழவர் நேற்றே கடன் வாங்கியதாக நோட்டில் எழுதியிருந்தது. நிலம் அவர் பேரில் இருந்ததால், மகன் கைநாட்டுக்கு அந்தக் கடையில் மதிப்பில்லை. கண்மாய்க்குக் கீழே இருக்கிற அந்த ஒரே வயல் வட்டியில் கரைந்துபோகும் என்று பூமயிலுக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டால் குடிக்கக் கஞ்சி கிடையாது.

எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் என்று ஊர் ஏசிய மனுஷன் இருளாண்டி. உப்புக்குக்கூடக் கையில் காசு இருந்தால்தான் கடைக்கு ஆள் அனுப்புவார். இல்லாத நாளில் வீட்டோடு உப்பில்லாக் கஞ்சிதான். கேட்டால், விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார். வாழ வந்த புதிதில் பூமயில் அவரை மனதார வைதிருக்கிறாள். பஞ்சத்தில் பாதி ஊர் நிலம் கைமாறியபோது இவர் நிலம் மட்டும் நின்றது. அதற்குப் பிறகு வைய மனசு வரவில்லை.

“என்ன காரியம் செய்றீக?”

“சத்தம் போடாத. பெரியய்யா செத்தப்ப தேர்ப்பாடை கட்டி வாணம் விட்டாக. இவர வெறும் பச்ச ஓலையில தூக்கிட்டுப் போனா, செத்தும் கஞ்சப்பயதான்னு சொல்லுவாக. வெளக்கப் பிடி.”

அவள் பிடிக்கவில்லை. அவன் பெருவிரலில் மையை அப்பி, இரண்டு கையாலும் இழுத்தான். வாசலில் ஒப்பாரி ஒரு மூச்சுக்கு நின்றது. அந்த அமைதியில் கிழவரின் கை மெல்ல விரிந்து, மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

 சோணைமுத்து கையை இழுத்துப் பார்த்தான்; வரவில்லை. முகமெல்லாம் வேர்த்துக் கொட்ட, அவளைப் பார்த்தான்.

 பூமயில் குனிந்து உட்கார்ந்து, உயிரோடு இருந்தவரை முகம் பார்த்துப் பேசியிராத மாமனாரிடம் மெதுவாகச் சொன்னாள்.

“மாமா, விட்ருங்க. வயல நான் பாத்துக்கிறேன்.”

விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

அவள் ரேகை விழாத நோட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வட்டிக்கடை ஆள் அவள் முகத்தைப் பார்த்ததும் நோட்டை வாங்கி மடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான்.

பச்சை ஓலைப் பாடையில், ஒற்றைக் கொட்டோடு இருளாண்டி போய்ச் சேர்ந்தார். ஊர் பேசத்தான் செய்தது.  சோணைமுத்து வேலை இல்லாத நேரமெல்லாம் கிணற்றடியில் சாம்பலும் புளியும் வைத்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். கேட்டால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

கருமாதிக்குச் சாமான் வாங்க இருவரும் தேவிபட்டினத்துக்கு நடந்தார்கள். கையில் இருந்தது கொஞ்சம். கடைக்கார அலியார் நல்ல மனுஷர். அரிசி, பருப்போடு வெல்லமும் நெய்யும் கூடுதலாகக் கட்டி முன்னால் நகர்த்தினார்.

“எடுத்துட்டுப் போ தம்பி. அறுப்புக்குக் குடு, போதும்.”

பழக்கத்தில் சோணைமுத்து கையை நீட்டினான். சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டின் உட்புறம் ஒரு பெருவிரல் ரேகை, சுழி சுழியாகத் தெளிவாக, இப்போதுதான் வைத்ததுபோல மை மினுங்க இருந்தது. பூமயில் பார்த்துவிட்டாள்.

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

“வெல்லமும் நெய்யும் வேணாம்ண்ணே. இருக்குற காசுக்கு மட்டும் கட்டுங்க.”

திரும்பி வருகிற வழியெல்லாம் மூட்டையைப் பூமயில்தான் சுமந்தாள். முன்னால் நடந்த சோணைமுத்து, அந்தக் கையைத் தொங்கவிடாமல், பச்சைப்பிள்ளையை வைத்திருப்பதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டே போனான்.