மாதுளைச் சாயத்தில் ஒரு கல்யாணப் பந்தல்

அந்த ஜூலையில் லம்ஜதின் தோட்டத்துக்கு நான் போனது கலைக்காகவா தூக்கத்துக்காகவா என்று என் மகள்கள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். முதல் சில நாட்கள் தூங்கத்தான் செய்தேன். வருஷம் முழுக்கத் துனிஸ் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் "நஸீஹா, என் கண்ணாடியைப் பார்த்தியா?" என்று கணவர் நிற்பார். இங்கே யாரும் எதையும் தேடவில்லை. மேலே பேரீச்சை, அதன் கீழே மாதுளையும் அத்தியும், அதற்கும் கீழே மருதாணியும் கீரையும் என்று மூன்று அடுக்கு நிழல். பாயைப் போட்டால் போதும், கண் தானாகச் சொக்கிவிடும்.

லம்ஜத் வங்கி வேலையை உதறிவிட்டுத் தெற்கே காபிஸ் ஊர்ப் பக்கம் அப்பாவின் தோட்டத்துக்கே திரும்பி வந்தவன். கோடையில் ஒரு மாதம் கலைஞர்களை அழைத்துத் தங்க வைப்பான். அவன் போட்ட ஒரே நிபந்தனை, செய்வது எதுவானாலும் தோட்டத்திலிருந்துதான் வர வேண்டும் என்பது. கடைசி வெள்ளிக்கிழமை மாலை தலைநகரத்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள்.

அந்த வருஷம் நானும், ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து வந்த ஷாத்லியும்தான். ஷாத்லி ஒலிகளைப் பதிவு செய்பவர். பெரிய உடம்பு. காதில் கருவியை மாட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் குப்புறப் படுத்துத் தவளைச் சத்தத்தைச் சேகரித்துக்கொண்டிருப்பார். பார்ப்பவர்கள் யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று ஓடி வருவார்கள்.

நான் துணிக்குச் சாயம் ஏற்ற முடிவு செய்தேன். காய்ந்த மாதுளைத் தோலை ஊறவைத்துக் காய்ச்சினால் மஞ்சள் இறங்கும். அதிலேயே துருப்பிடித்த ஆணிகளைப் போட்டால் மழை மேகம் மாதிரி ஒரு சாம்பல் நிறம். மருதாணி இலையில் செங்கல் நிறம், மஞ்சிட்டி வேரில் சிவப்பு. நீள நீளமான பருத்தித் துணிகளை இப்படி நனைத்து, பேரீச்சை மரங்களுக்கு நடுவே திரைபோலத் தொங்கவிட வேண்டும். வருகிறவர்கள் அவற்றுக்கிடையே ஒரு வார்த்தை பேசாமல் நடந்துபோக வேண்டும். இதுதான் என் திட்டம். "தயவுசெய்து அமைதி காக்கவும்" என்று பலகையில் அழகாக எழுதிக்கூட வைத்திருந்தேன்.

அமைதிக்கு எதிரி அடுத்த தோட்டத்திலேயே இருந்தாள். பெயர் கம்ரா. மூன்று ஆண் பிள்ளைகளுக்கும் யுஸ்ரா என்ற ஒரே பெண்ணுக்கும் தாய். குரல் இந்தத் தோட்டத்திலிருந்து கடற்கரை வரைக்கும் கேட்கும். தினமும் வேலிக்கு மேலே அவள் தலை தெரியும்.

"ஏம்மா பட்டணத்து மகாராணி, துனிஸ்ல தண்ணி வரலியா? துணி தோய்க்க இவ்வளவு தூரம் வந்திருக்கே!"

"தோய்க்கலைக்கா. சாயம் போடுறேன்."

"வெள்ளைத் துணிய அழுக்காக்குறதுக்குப் பேரு சாயமா? என் பசங்க இத ஓசியிலேயே செய்வாங்களே!"

நானும் சும்மா இருக்கவில்லை. "உங்க வாய்க்கு ஒரு பானை சாயம் பத்தாதுக்கா, கிணறு வேணும்" என்றேன் ஒருநாள். ஒரு நொடி என்னை முறைத்துவிட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அன்று மாலை ஒரு சொம்பு லக்மி கொடுத்தனுப்பினாள். பேரீச்சையின் பதநீர் அது. காலையில் இறக்கியது, மாலைக்குள் லேசாகப் புளித்து, நாக்கில் பொடிப்பொடியாகக் கடித்தது. ஷாத்லியும் நானும் சொம்பைப் போட்டி போட்டுக் காலி செய்தோம்.

கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் கண்காட்சி. யுஸ்ராவின் கல்யாணமும் அன்றுதான். லம்ஜத் தலையில் கை வைத்துக்கொண்டான். "அங்க மேளம் அடிப்பாங்க, இங்க நீங்க அமைதிங்கிறீங்க. நான் எங்க போய் முட்டிக்க?"

வியாழக்கிழமையே துணிகளைத் தொங்கவிட்டுவிட்டேன். ஏணியிலிருந்து இறங்கித் தள்ளி நின்று பார்த்தேன். மஞ்சளும் சாம்பலும் சிவப்புமாக அவை மெல்ல ஆடின. என் வாழ்க்கையில் நான் செய்த எதுவும் அவ்வளவு நன்றாக வந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானே கைதட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தெற்கிலிருந்து அனல் காற்று கிளம்பியது. வாயெல்லாம் மணல். சோலைக்குள் மரங்கள் காற்றைத் தடுத்துவிட்டதால் என் துணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து மணிக்குக் காற்று அடங்கியது. அடங்கிய சற்று நேரத்தில் வேலியில் கம்ராவின் தலை தெரிந்தது. ஆனால் குரல் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"என்னாச்சுக்கா?"

"பந்தல் போச்சு." அவள் கண் சிவந்திருந்தது. "ரோட்டோரத் திடல்ல போட்டிருந்தோம்ல, நடுவுல கிழிஞ்சு பாதி துணி யார் வீட்டுக் கூரைக்கோ பறந்துபோச்சு. வாடகைக்காரன்கிட்ட வேற இல்லையாம். ஊரெல்லாம் கல்யாண சீசன். இந்த வெயில்ல வெட்டவெளியில எம் பொண்ண எப்படி உக்கார வைப்பேன்?"

"இங்க உக்கார வைங்க. தோட்டம் பூரா நிழல்தானே?" என்றான் பின்னால் வந்த லம்ஜத்.

"நிழல் இருக்கு, சரி. கல்யாணப் பொண்ணு தலைக்கு மேல வெறும் மட்டையா? மாப்பிள்ளை வீட்டார் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க." சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்க்கவில்லை. என் துணிகளைப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்தது. ஒரு மாத உழைப்பு. அதன் கீழே ஆட்டுக்கறிக் குழம்பும் அறுபது குழந்தைகளும். மாலையில் தலைநகர அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண்மணி வருகிறாள். என் வேலையை நாலு பேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் யுஸ்ரா வந்தாள். தலையில் சுருட்டைக் கம்பிகள், பாதி அலங்காரம், காலில் அண்ணனின் செருப்பு. "அம்மா, அவங்கள விடும்மா. பாவம், ஒரு மாசமா கை வெந்து செஞ்சது. நான் வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கிறேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிவப்புத் துணியை ஒரு விரலால் தொட்டாள். "ஆனா இது ரொம்ப அழகா இருக்குக்கா."

அந்த மாதம் முழுக்க என் துணியை அழகு என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

"ஏணிய எடுங்க," என்றேன். "ஊசி நூல் இருக்கிற பொம்பளைங்க எல்லாரையும் கூப்பிடுங்க. சிவப்பு நடுவுல வரும். அத வேற எங்கயும் வைக்க விடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்!"

கம்ராவின் குரல் திரும்பி வந்தது. அவள் விட்ட குலவையில் பேரீச்சையில் இருந்த புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு துள்ளுகிறது. அத்தைகள், சித்திகள், பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லாம் பாயில் வட்டமாக உட்கார்ந்து துணிகளை ஒன்றோடொன்று தைத்தார்கள். கம்ராவின் மகன்கள் குரங்குபோல மரமேறிக் கயிறு கட்டினார்கள். "இடது பக்கம் இன்னும் இழு! அந்தச் சாம்பல் ஓரமா போகட்டும்!" என்று கீழே நின்று கத்தியது நான்தான். வகுப்பறையில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. இடையில் என் அமைதிப் பலகையைத் தேடினேன். அதன்மேல் யாரோ ரொட்டிகளை அடுக்கிவிட்டிருந்தார்கள்.

மூன்று மணிக்குப் பந்தல் எழுந்துவிட்டது. திரையாகத் தொங்கியபோது நான் அறியாத ஒன்றை அப்போதுதான் கண்டேன். வெயில் துணிக்குள் புகுந்து கீழே இறங்கியது. மஞ்சளுக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் தேனில் முக்கியெடுத்தவர்கள் மாதிரி இருந்தார்கள். சிவப்புக்கு அடியில் யுஸ்ரா வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் விழுந்த அந்த ஒளியை நான் எந்தப் பானையிலும் காய்ச்சியிருக்க முடியாது.

மாப்பிள்ளை வருகிற நேரத்தில் வாடகை ஒலிபெருக்கி மணல் அடைத்து மூச்சை விட்டுவிட்டது. ஷாத்லி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "கவலைப்படாதீங்க, என்கிட்ட நல்லதா ரெண்டு இருக்கு." கொண்டுவந்து மாட்டினார். கல்யாணப் பாட்டுக்காக எல்லாரும் எழுந்து நின்றார்கள். பட்டனை அழுத்தினார். ஆயிரம் தவளைகள் ஒரே குரலில் கத்தின.

மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டான். ஷாத்லி வியர்த்து விறுவிறுத்து எல்லாப் பட்டன்களையும் அமுக்கினார். சத்தம் இன்னும் கூடியது. முதலில் சிரித்தது யுஸ்ராதான். மாப்பிள்ளையின் மாமா, "பொண்ணு வீட்டு ஆளுங்க பேசிக்கிட்டிருக்காங்க, கொஞ்சம் பொறுங்கப்பா!" என்றார். கம்ரா விடுவாளா? "இல்லை, மாப்பிள்ளை வீட்டார்தான் வந்து இறங்கியிருக்காங்க!" என்றாள். தோட்டமே சிரிப்பில் அதிர்ந்தது. மேளக்காரர் சமாளித்துக்கொண்டு தவளைகளின் தாளத்துக்கே அடிக்க ஆரம்பித்தார். குழல்காரரும் சேர்ந்துகொண்டார். மாப்பிள்ளை தவளைக் கச்சேரியோடுதான் உள்ளே வந்தான்.

தலைநகரத்துக் கார்கள் வந்தபோது நாங்கள் கூஸ்கூஸ் ரவைச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தோம். அருங்காட்சியகத்துப் பெண்மணி வெள்ளைக் கால்சட்டையில் வந்து நின்று நாலுபுறமும் பார்த்தாள். "மன்னிக்கணும், கண்காட்சி எந்தப் பக்கம்?"

எனக்கு முன்னால் கம்ரா பதில் சொன்னாள். "தலைக்கு மேல பாருங்கம்மா. எங்க நஸீஹா செஞ்சது. பார்த்து முடிச்சதும் உக்காந்து சாப்பிடுங்க, ஆறிடும்."

எங்க நஸீஹா. அழாமல் இருக்கக் குழம்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். திரும்பி வந்தபோது அந்தப் பெண்மணி மஞ்சள் ஒளியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கறித்துண்டைக் கையால் பிய்த்துக்கொண்டு, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பு அவள் கால்சட்டையில் சொட்டியது. அவள் கவனிக்கவில்லை.

அதன் பிறகு நான் எதையும் கவனிக்கவில்லை. கம்ரா என் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி ஆடுகளத்தில் தள்ளிவிட்டாள். என் கல்யாணத்தில்கூட நான் ஆடியதில்லை. அன்று முழங்கால் கெஞ்சும் வரை ஆடினேன்.

மறுநாள் காலை பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். கதவை யாரோ காலால் உதைத்தார்கள். கம்ரா. தோளில் ஒரு பெரிய சாக்கு. அதை என் வாசலில் கவிழ்த்தாள். கல்யாணச் சமையலுக்கு உரித்த வெங்காயத்தின் தோல், செம்பு நிறத்தில், குவியலாக, முழங்கால் உயரத்துக்கு.

"இதுல என்ன நிறம் வரும்?" என்றாள்.

"நல்ல பொன் நிறம் வரும்க்கா. ஆனா எனக்கு மத்தியானம் பஸ்."

"பஸ் நாளைக்கும் வரும். என் தலைத்துணி பூரா வெளுத்துப்போச்சு." சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு அவள் அடுப்புக்கு விறகு எடுக்கக் குனிந்தாள். "வேடிக்கை பார்க்காம பானைய எடு, போ."

நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பானையை எடுக்க ஓடினேன்.