ஐந்து விரற்கடை உயரும் வீடு

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டியிருக்கும் மாறனின் வீடு, வெயிலுள்ள நாட்களில் பிற்பகலானால் தரையிலிருந்து ஐந்து விரற்கடை மேலே நிற்கும். பொழுது சாய்ந்து உள்ளே மெஷினும் விளக்கும் ஓட ஓட மெல்ல இறங்கும். விடிகிற நேரத்தில் இரண்டு விரற்கடைக்கு வந்திருக்கும். வெயில் ஏறினால் அதுவும் ஏறும். பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சுகள் மத்தியானத்தில் அதன் அடியில் நிழலுக்குப் போகும், பொழுது இறங்குமுன் தாமாகவே வெளியே வந்துவிடும். வீட்டு வரி போட வந்தவர் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். பிறகு குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். உயரத்துக்கு வரி போட விதி இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். முதல் வருடம் நான்கு விரற்கடைதான் உயர்ந்தது. ஐந்தாவது விரற்கடை ஒரு தீபத் திருநாளுக்குப் பிறகு வந்தது.

மாறன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க் லிஃப்ட் வண்டி ஓட்டியவன். பேச்சு குறைவு. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் காபியைக் குடித்து முடித்துவிடலாம். அவன் மனைவி சந்திரகலாவுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு நுரையீரல் தடித்துப்போனது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் ஒன்றைக் கட்டிலருகே வைத்து, மூக்கில் குழாயோடு இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மாறன் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தான். மெஷின் நல்ல மெஷின்தான். ஆனால் கரண்டு போனால் அதுவும் போகும். மற்ற நாட்களில் கரண்டு போனால் ஆட்டோ கிடைக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பௌர்ணமியில் மலையைச் சுற்றி ஜனங்கள் தோளோடு தோள் உரச நடப்பார்கள், சைக்கிள்கூட நுழையாது. ஒரு சித்திரா பௌர்ணமியில் அப்படித்தான் கரண்டு போனது. ஆம்புலன்ஸ் வெகு தூரத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கத்தியது. மாறனும் சந்திரகலாவின் தம்பி கண்ணாயிரமும் அவளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே வந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு தூக்கிப் போனார்கள். அவள் உதடு கறுத்துக்கொண்டே வந்ததை மாறன் வழியெல்லாம் பார்த்தான். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இனி ஒரு பௌர்ணமிக்கும் அந்த நாற்காலியைத் தூக்கப் போவதில்லை என்று அவன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

அவன் ஓட்டிய வண்டியின் பேட்டரியைக் கிடங்கில் கழித்துக் கட்டியிருந்தார்கள். ஒரு ஷிஃப்ட் முழுக்கப் பாரம் தூக்க அதற்குத் தெம்பில்லை. ஒரு மெஷினுக்கும் நாலு விளக்குக்கும் அந்தத் தெம்பு ஏராளம் என்பது மாறனுக்குத் தெரியும். ஏழு வருடம் தினமும் அதற்கு சார்ஜ் போட்டவன் அவன்தான். பழைய இரும்புக் கடைக்காரரிடமிருந்து அதையும் அதே மாதிரி இன்னொன்றையும் வாங்கிவந்தான். ஒவ்வொன்றும் இடுப்பு உயர இரும்புத் தொட்டி. அதற்குள் வரிசையாக இரண்டு வோல்ட் செல்கள். படுக்கிற அறையில் வைக்கக் கூடாதென்று பின்சுவரை ஒட்டித் தனி அறை கட்டினான். சார்ஜ் ஏறும்போது கிளம்பும் வாயு மேலே போகும் என்பதால் கூரையோரம் இரண்டு பக்கமும் திறப்பு விட்டான். உலோகம் பட்டால் பொறி பறக்கும் என்று கையிலிருந்த செப்புக் காப்பைக் கழற்றி சாமி மாடத்தில் வைத்தான். ஸ்பேனர்களின் பிடியில் சைக்கிள் ட்யூபைச் சுற்றினான். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக நிரப்பி, தனித்தனியாக வடியவிட்டு, ஆசிட்டின் அடர்த்தியைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி அளந்து, ஒன்றுக்கொன்று சமமாக நின்றவற்றை மட்டும் ஒரு தொட்டியில் சேர்த்தான். மிச்சத்தை ஓரமாக அடுக்கினான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். ஆசிட் தெறித்தால் கழுவ, வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீர், ஒரு டப்பா ஆப்பச் சோடா. இதெல்லாம் முடிய ஒரு மழைக்காலம் போனது. ஊரில் சிலர் அவன் சாமியாராகிவிட்டான் என்றும் உள்ளே ரசவாதம் செய்கிறான் என்றும் பேசிக்கொண்டார்கள்.

மொட்டைமாடியில் சோலார் பலகைகளை மாட்டிய மூன்றாம் நாள் பிற்பகலில் வீடு உயர்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. சந்திரகலா வாசலுக்கு வந்து காலை வைத்தபோது படி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

"இன்னாங்க, வாசப்படி கீழ போயிருச்சு."

மாறன் வந்து பார்த்தான். சுற்றிப் போய்ப் பார்த்தான். உட்கார்ந்து வீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தான்.

"படி எங்கயும் போவல. வீடு மேல வந்திருக்குது."

"வந்தா வரட்டும். மெஷின் ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

இத்தனை வருடம் பாரம் தூக்கிய செல்களுக்குத் தெம்பு வந்ததும் தூக்கத்தான் தோன்றும் என்று மாறன் நினைத்தான். அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை. தண்ணீர்க் குழாயை வளைகிற ரப்பர் குழாயாக மாற்றினான். வாசலில் இரண்டு செங்கல்லை வைத்தான். அடர்த்தியை அளந்து அளந்து பார்த்ததில், வீடு ஒரு விரற்கடைக்கு இறங்கினால் பேட்டரியில் பாதிதான் மிச்சம் என்று தெரிந்தது. அதற்குக் கீழே இறங்கவிட்டால் பழைய செல்கள் கெட்டுப்போகும். அதனால் வீடு ஒரு விரற்கடைக்குக் கீழே போகக் கூடாது, தரையைத் தொடவே கூடாது. வீட்டில் அது ஒன்றுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தை முதலில் உடைத்தது கண்ணாயிரம். வீட்டு வாசலில் சுக்குக் காபிக் கடை போட்டிருந்த அவனுக்கு அக்காள் என்றால் உயிர். ஆயுத பூஜையன்று செல்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தான். மாறன் அதைத் தடுக்கவில்லை. மாறன் பொரி வாங்கப் போயிருந்த நேரம், உச்சி வெயிலில் செல்கள் நிறைந்து குமிழி விட்டுக்கொண்டிருந்தன. காற்றில் அணைந்துவிடக் கூடாதென்று கூரையோரத் திறப்புகளைச் சாக்கால் அடைத்துவிட்டு, கண்ணாயிரம் தட்டில் கற்பூரம் ஏற்றி, செல்களுக்கு மேலே பக்தியோடு மூன்று சுற்றுச் சுற்றினான். மூன்றாவது சுற்றில் வெடித்தது. ஒரு செல்லின் மூடி கூரையில் போய் அடித்தது. ஆசிட் அவன் சட்டையில் தெறித்தது. வீடு நான்கு விரற்கடையிலிருந்து தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. பரணிலிருந்த பித்தளைப் பாத்திரமெல்லாம் உருண்டு விழுந்தன. மெஷின் நின்றது.

ஓடிவந்த மாறன் முதலில் வாளித் தண்ணீரை மச்சான் தலையோடு ஊற்றினான். அவனைக் குழாயடியில் நிறுத்திவிட்டு, பேட்டரி சுவிட்சை அணைத்து, மெஷினைத் தெருக் கரண்டில் மாட்டினான். அன்று தெருவில் கரண்டு இருந்தது. தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்த சந்திரகலாவின் முகத்துக்கு மெல்ல நிறம் திரும்பியது.

"சாமிக்குத்தானே மாமா காட்டனேன்" என்றான் கண்ணாயிரம், சட்டையெல்லாம் ஓட்டையாக நின்றுகொண்டு.

மாறன் கூரையோரத் திறப்புகளில் இருந்த சாக்கை இழுத்துப் போட்டான். அப்புறம் சொன்னான்: "அது சாமி இல்லடா. குடிக்கறது தண்ணி, விடறது எரியற காத்து. அதுக்கு முன்னாடி நெருப்பு ஆவாது."

வெடித்த செல்லுக்குப் பதிலாக மாறன் அவசரத்தில் கடையிலிருந்து புதுச் செல் ஒன்றை வாங்கி மாட்டினான். அவன் செய்த தவறு அது ஒன்றுதான். புதுசு தன் மூலையை மட்டும் மற்றவற்றைவிட உயரமாகத் தூக்கியது. வீடு சாய்ந்தது. தக்காளி தானாக உருண்டது, கதவு சாத்தினால் திறந்துகொண்டது.

"மாமா, இலைல சாம்பார ஊத்தனா அக்கா பக்கமே போவுது" என்றான் கண்ணாயிரம். "இங்க யாரு பேச்சு நடக்குதுனு வீட்டுக்கே தெரிஞ்சிபோச்சு."

மாறனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. புதுசைக் கழற்றினான். ஓரமாக அடுக்கியிருந்த பழசுகளில் ஒன்றை எடுத்து, பல வாரம் மெதுவாக சார்ஜ் ஏற்றி ஏற்றி, மற்றவற்றோடு சமமாக நிற்கும்வரை விடவில்லை. அதை மாட்டிய அன்று, கொத்தனார் வைக்கிற ரசமட்டத்தை வாசலில் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது.

அந்த வருடக் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் மூன்று நாள் விடாமல் மூட்டம். தீபத்தன்று காலையில் மழை. வீடு இரண்டு விரற்கடைக்கு மேல் உயரவில்லை. சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏற்றி, பாதை முழுக்க அரோகரா சத்தம் எழுந்த கொஞ்ச நேரத்தில் கரண்டு போனது. தெரு இருண்டு, மேலே தீபம் மட்டும் தெரிந்தது. சந்திரகலா அகல் விளக்குகளை, மாறன் சொன்னபடி, பேட்டரி அறைக்கு எட்டாத தூரத்தில் மதில்மேல் வரிசையாக வைத்திருந்தாள். பாதையில் ஜனம் நகர இடமில்லாமல் நின்றது. அந்த மூன்று பேருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் வந்தது.

மாறன் விளக்கை, விசிறியை, ஃபிரிட்ஜை எல்லாம் நிறுத்தினான். வெளியே வந்து வாசலருகே மண்டியிட்டு, வீட்டுக்கும் தரைக்கும் நடுவே விரலை வைத்தான். ஒன்றரை. இந்த வேகத்தில் போனால் பாதி ராத்திரிக்குள் உட்கார்ந்துவிடும். கண்ணாயிரம் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றான்.

"இன்னா மாமா பண்றது?"

மாறன் யோசித்தான். கிடங்கில் ஷிஃப்ட் முடிகிற நேரம் பேட்டரி சோர்ந்தால் என்ன செய்வான் என்று நினைத்துப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

"பாரத்த கம்மி பண்ணணும். ஜாஸ்தி தூக்கினா சீக்கிரம் வடிஞ்சிடும். எடு, எல்லாத்தையும் வெளிய எடு."

"பீரோவயா?"

"பீரோவ, ஆட்டுக்கல்ல, அரிசி மூட்டைய. அவளும் கட்டிலும் மெஷினும் போதும்."

இரண்டு பேரால் ஆகாது என்று கண்டதும் கண்ணாயிரம் பாதையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். நகர முடியாமல் நின்றிருந்த கூட்டத்திலிருந்து வெறுங்காலோடு ஆட்கள் வந்தார்கள். எங்கிருந்தோ வந்தவர்கள், இது என்ன வீடு என்று கேட்கவில்லை. ஆட்டுக்கல் வெளியே போனபோது வீடு லேசாகக் குலுங்கி நிமிர்ந்தது. பீரோ போனதும் அரை விரற்கடை உயர்ந்தது. தூக்கியவர்களில் ஒரு பெரியவர் இதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இடுப்பிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். கண்ணாயிரம் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான்.

"ஐயா, கும்பிட்டுக்கங்க, எவ்ளோ நேரம் வேணா கும்பிடுங்க. கற்பூரம் மட்டும் வேணாங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

பெரியவர் அவன் சட்டையிலிருந்த ஓட்டைகளைப் பார்த்தார். கற்பூரத்தைத் திரும்ப முடிந்துகொண்டார்.

விடிந்தபோது வீடு ஒரு விரற்கடையில் நின்றது. மூட்டம் விலகி, மலைக்குப் பின்னாலிருந்து வெயில் வந்து சோலார் பலகையில் விழுந்தது. சந்திரகலா எழுந்து உட்கார்ந்து, வெறும் சுவர்களைச் சுற்றிப் பார்த்து, "வீடு இப்பத்தான் வீடு மாதிரி இருக்குது" என்றாள். அதனால் ஆட்டுக்கல்லும் பீரோவும் உள்ளே திரும்பவில்லை. கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு அங்கே வைத்தார்கள். அன்று பிற்பகல் வீடு நான்கைத் தாண்டி ஐந்து விரற்கடைக்குப் போனது. மாறன் கொத்தனாரை வரவழைத்து இன்னொரு படி கட்டினான்.

அந்தப் பெரியவர் தன் ஊரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பௌர்ணமிதோறும் நடக்கிறவர்கள் அந்த வீட்டின் முன் ஒரு நிமிடம் நிற்கிறார்கள். கிரிவலப் பாதையில் கற்பூரம் ஏற்றாமல் கும்பிடுகிற இடம் அது ஒன்றுதான். தேங்காய் உடைப்பதில்லை. சிலர் பேட்டரிக் கடையில் விசாரித்து டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிவந்து படியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். மாறன் சீல் உடையாதிருக்கிறதா என்று பார்த்து, செல்களுக்கு அளவாக ஊற்றுகிறான். போன மாதம் வெளியூர்ப் பெண் ஒருத்தி, புதுப் படியில் மூக்குக் குழாயோடு உட்கார்ந்திருந்த சந்திரகலாவிடம் இது என்ன சாமி என்று கேட்டாள்.

"சாமி இல்லம்மா, பேட்டரி" என்றாள் சந்திரகலா. "பழசுதான். நல்லா தூக்குது."

அந்தப் பெண் தலையாட்டினாள். கேனைப் படியோரம் வைத்துவிட்டு, கைகூப்பி, மலையை வலமாக விட்டு நடந்துபோனாள்.