சூனியக்காரியின் கை

லொரெய்ன் சுவிட்சைத் தட்டியதும், முற்றத்தில் நின்ற சூனியக்காரி பொம்மை இடமும் வலமுமாகக் கையை ஆட்டியது. கொல்லையில் கோடை முழுக்க அசையாமல் கிடந்த பழைய டிரக்கின் வைப்பர் மோட்டாரைத்தான் காலையில் கழற்றி அதற்குள் பொருத்தியிருந்தாள்.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கொல்லைப் பக்கம் திரும்பியவளுக்குப் பகீரென்றது. டிரக்கைக் காணோம். ஹாலோவீன் இரவில் பேய் வேஷத்தில் வீடு தேடி வரும் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கப் போன கணவன் வெர்னன் அதைத்தான் எடுத்துப் போயிருக்கிறான். போன் போட்டாள்; அவன் போன் சமையலறையிலேயே மணியடித்தது.

"பாவி மனுசா, கார் சும்மாதானே நிக்குது!"

மழை விடவேயில்லை. மிட்டாய்க்கு வந்த பிள்ளைகள் குடைக்குள் நின்று பொம்மையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் தெருமுனையில் டிரக் ஊர்ந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நனைந்த முடி முகமெல்லாம் ஒட்டியிருக்க, கண்ணை இடுக்கியபடி ஓட்டிவந்தான் வெர்னன். அவனைக் கண்டதும் பிள்ளைகள் அலறியடித்து ஓடினார்கள்.

லொரெய்னுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லபடியா வந்து சேந்தியே, அது போதும்!"

"பேட்டரி செத்துடக் கூடாதேன்னு எடுத்தேன். வைப்பர்..." என்றவன் பொம்மையின் கையைப் பார்த்தான். "ஓகோ! அப்போ இனி மழை பேஞ்சா, இவளத்தான் கண்ணாடி முன்னால கட்டிக்கிட்டுப் போகணும்."