ஜன்னல் டம்ளர்

வாசல் டிரம்மில் தண்ணீர் விளிம்புவரை நிறைந்திருந்தது. குளிப்பாட்டத்தான் ஆள் இல்லை.

இனித் தாங்காது என்று தகவல் கேட்டு ராமாபுரத்திலிருந்து முந்தின நாளே வந்திருந்த பங்காளிகள் நால்வரும் தெருமுனைப் புங்கமரத்தடியில் பாடை கட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். மூங்கிலைத் தொடுவதில் யாருக்கும் பயமில்லை. கனகாவின் புருஷன் பாலனும் அவர்களோடு ஒட்டிக்கொண்டான். நாலாவது மாடிச் சாரத்தில் வெறுங்காலோடு நடக்கிற கொத்தனார், மச்சினன் கிடந்த பாயருகே வரத் தயங்கினான்.

கனகா தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். விடிகிற நேரத்தில் சேகரனின் மூச்சு அடங்கிவிட்டது. சென்ட்ரிங் வேலைக்கென்று அக்காவை நம்பி மைசூருக்கு வந்தவன், முப்பத்திரண்டு வயது. எச்.ஐ.வி. என்று தெரிந்து இரண்டு வருஷமாகிறது. அது எப்படி வந்தது என்று டாக்டர் மாதேவி அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கனகாதான் வாய் ஓயாமல் கேட்டாள்.

வாசலில் டாக்டரின் மொபெட் வந்து நின்றது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி எப்போது சொல்வது?

விஷயம் ஒரு டம்ளர். நோய் தெரிந்த வாரமே சேகரனுக்குத் தட்டும் டம்ளரும் தனியாகிவிட்டன. டம்ளர் ஜன்னல் கம்பியோரம் இருக்கும். விளிம்பில் ஒரு நசுங்கல். அதை டிரம்மில் முக்கி மொள்ள அவனுக்கு அனுமதி இல்லை. அவன் நீட்ட, கனகா சொம்பிலிருந்து உயரத்தூக்கி ஊற்றுவாள். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாள். கனகா தலையாட்டினாள். தலையாட்டுவதற்கு என்ன!

போன மாசியில் அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை என்று டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டாள். குழாயில் தண்ணீர் வருகிற நேரம். பாத்திரமெல்லாம் கழுவக் கிடந்தது. டாக்டர் தண்ணீர் கேட்க, கனகா பதற்றத்தில் கைக்கு எட்டியதை எடுத்து மொண்டு கொடுத்துவிட்டாள். நம்மைப்போல அண்ணாந்து குடித்திருந்தாலும் தேவலை. டாக்டர் நசுங்கின விளிம்பிலேயே வாய்வைத்துக் குடித்தாள். பாயில் படுத்திருந்த சேகரன் அதைப் பார்த்து லேசாகச் சிரித்தான். கனகாவுக்கு உயிரே போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாமுண்டி மலைப் படி முழுக்க ஏறிப் போய் வேண்டிக்கொண்டாள். தம்பிக்காக அல்ல, டாக்டருக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று. அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் டாக்டர் இளைத்திருக்கிறாளா என்றே அவள் கண் தேடும். ஆடியில் டாக்டர் இரண்டு தும்மல் போட்டாள். கனகாவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பாயருகே மண்டியிட்டு, சேகரனின் நெற்றியில் கொஞ்சநேரம் கையை வைத்திருந்தாள். பிறகு பையிலிருந்து இரண்டு ஜோடி கையுறையை எடுத்தாள்.

"முதுகுல புண்ணு இருக்கில்ல, அதுக்குத்தான் இது. வேற பயம் பேடா, வேண்டாம். யார் குளிப்பாட்டறது?"

கனகாவின் வாயில் வேறொன்று வந்தது.

"டாக்டரம்மா, நான் உங்களுக்கு ஒரு பாவம் பண்ணிட்டனுங்க."

"ஏனு? என்ன பாவம்?"

"அன்னைக்குத் தண்ணி கேட்டீங்களே... அவன் டம்ளர்ல குடுத்துட்டனுங்க. தெரியாமத்தான் குடுத்தேன். தெரிஞ்ச பொறவும் வாயத் தொறக்கலீங்க. உங்களுக்கு எதாச்சும் ஆயிருந்தா..."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ தெரியாமலா குடுத்தே?"

"ஆமாங்க."

"அவரு வேற மாதிரி சொன்னாரே." டாக்டர் சேகரனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மறுவாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து மொதல் பேச்சே அதுதான். 'நீங்க குடிச்சது என் டம்ளர்தான். எங்க அக்காவுக்குப் பயம் போயிடுச்சு டாக்டர், தட்டு டம்ளர் எல்லாம் ஒண்ணாக்கிட்டா'ன்னாரு. அப்புறம் ஒவ்வொரு தடவையும் நான் கேப்பேன், வீட்ல எப்படின்னு. 'அக்காவும் நானும் ஒரே தட்டுல சாப்புடறோம்'னு சொல்வாரு. கடைசியா போன வாரம்கூட. நான் மத்த பேஷன்ட்டுங்ககிட்ட உன்னைப் பத்திச் சொல்லியிருக்கேன், கனகா."

கனகா ஜன்னலைப் பார்த்தாள். டம்ளர் அங்கேயேதான் இருந்தது. டாக்டர் குடித்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே புளிபோட்டு மூன்று தரம் தேய்த்து, சேகரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே கொண்டுபோய் வைத்தவள் அவள்தான். அதை டாக்டரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. செத்தவன் பொய்யனாகிவிடுவான். தன் மானம் போனாலும் பரவாயில்லை என்றுதான் அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்த மானத்தைக் காப்பாற்ற அவன் அத்தனை தரம் பாடுபட்டிருக்கிறானே. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இப்போதுதான் அழுதாள்.

டாக்டர் ஒரு ஜோடி கையுறையை நீட்டினாள்.

இருவருமாக அவனைப் பாயோடு வாசலுக்குத் தூக்கிப்போய்ப் பலகையில் கிடத்தினார்கள். பூப்போல இருந்தான். புங்கமரத்தடியில் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டுத் தேவம்மா கதவைப் பாதி திறந்து பார்த்துவிட்டு, ஒரு சேலையைக் கொண்டுவந்து மறைப்புக்குப் பிடித்தாள்.

"சொம்பு எங்கே?" என்றாள் டாக்டர்.

கனகா உள்ளே போய் ஜன்னலிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் மிச்சமிருந்ததை முதல் தண்ணீராகத் தலையில் ஊற்றினாள். மயிர் நனைந்து நெற்றியில் படிந்தது.

பாலன் மரத்தடியிலிருந்து மெதுவாக வந்து நின்றான். "அந்தத் துக்கினியூண்டு டம்ளர்ல ஊத்துனா எப்ப புள்ள முடியறது?"

"முடியறப்ப முடியட்டும். அந்தப் பக்கம் தோளைப் புடிங்க."

அவன் குனிந்து பிடித்தான். கனகா திரும்பி, வீடே குடிக்கிற டிரம்மில் டம்ளரை மணிக்கட்டு நனைய முக்கி எடுத்தாள்.