கலங்கல் தண்ணி போன வழி

மெட்ராஸ் சரித்திரம் எழுதுகிறவளுக்கு ஒரகடத்துப் பக்கம் என்ன வேலை? இந்த ஒரு கேள்விதான் சுந்தராம்பாளுக்குச் சோறு இறங்கவிடாமல் தொண்டையில் நின்றது. கடல் அங்கே இருக்கிறது, கோட்டை அங்கே இருக்கிறது, லைட் ஹவுஸ் அங்கே இருக்கிறது. எழுதுகிறவள் அங்கேயே உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? படப்பை ரோட்டிலிருந்து பிரிந்து, லாரி போய்ப் போய்க் குழியாகிக் கிடக்கிற இந்தத் தெருவில் வந்து மாடி ரூமை வாடகைக்குக் கேட்பானேன்?

பேர் ஜாஹ்னவி என்றாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கம்பெனி ஐ.டி. கார்டு கிடையாது, ஷிப்ட் கிடையாது, கம்பெனி பஸ் கிடையாது. காலையில் ஸ்கூட்டியை எடுத்தால் ஏரிக்கரை, மதகு, பாலத்தடி என்று சுற்றல். சேற்றுக்காலோடு திரும்பி வந்து மாடிப்படியெல்லாம் அப்பிவிட்டு, "ஸாரிம்மா, கழுவிடறேன்" என்பாள். சொன்னபடி கழுவவும் கழுவுவாள். சுந்தராம்பாளுக்கு அதுதான் இன்னும் சந்தேகம். வாடகை கொடுத்து இருக்கிறவள் எவள் இந்தக் காலத்தில் படி கழுவுகிறாள்?

ஒரு நாள் பின்பக்கம் துணி காயப்போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். புது ரூமுக்காக எழுப்பியிருந்த தூண்களுக்கு நடுவில் ஜாஹ்னவி குந்திக்கொண்டிருந்தாள். பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து போனை எடுத்து பின்பக்க மதிலைப் போட்டோ பிடித்தாள். சுந்தராம்பாள் ஈரத்துணியைக் கொடியில் போடாமலே உள்ளே திரும்பினாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? அந்தத் தூண்கள்தான் இனி அவளுக்கு எல்லாம். வயலெல்லாம் எப்போதோ கம்பெனிகளுக்குப் போய்விட்டது. வந்த பணமும் புருஷன் தணிகாசலத்தின் வைத்தியத்தோடு போனது, அவரும் போனார். மகன் இனியவன் கார் பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். லைனில் ஆள் ஜாஸ்தி என்று போன மாசம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் வரிசையாக ரூம் கட்டி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வருகிற பையன்களுக்கு விட்டால் அடுப்பு எரியும். மறைமலை நகர்க்காரர்கள் அந்த ரூம்களை நம்பித்தான் இனியவனுக்குப் பெண் கொடுக்கவே சம்மதித்தார்கள்.

ஆனால் அந்தத் துண்டுக்குப் பட்டா கிடையாது. ஏரி நிரம்பினால் மிஞ்சின தண்ணீர் கலங்கல் வழியாக வெளியேறுமே, அது ஓடுகிற கால்வாய் அது. கம்பெனிகள் வந்த புதிதில், அஸ்திவாரம் தோண்டிய மண்ணைக் கொட்ட இடம் தேடி லாரிக்காரர்கள் அலைந்தார்கள். "வேணாம்டி, தண்ணி போற எடம்" என்றுதான் தணிகாசலம் சொன்னார். சுந்தராம்பாள் கேட்டால்தானே! முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வா, வா, இன்னும் பின்னாடி வா" என்று நடுத்தெருவில் நின்று லாரியைத் திருப்பிக் கொட்டவைத்தாள். அவளைப் பார்த்துத் தெருவே அவரவர் பின்பக்கத்தைத் தூர்த்துக்கொண்டது. பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஆகவே அவள் முடிவு கட்டிவிட்டாள். இவள் ஆக்கிரமிப்பு எடுக்கிற ஆபீசிலிருந்து உளவு பார்க்க வந்தவள். சரித்திரமாம், சரித்திரம்! அன்று சாயங்காலமே தெருக்காரர்களைக் குழாயடியில் கூட்டினாள்.

"எல்லாரும் நல்லா கேட்டுக்கோங்க. கலங்கல் தண்ணி எப்டி போச்சுன்னு அந்தப் பொண்ணு கேட்டா, ஒண்ணுதான் சொல்லணும். புள்ளையார் கோயிலுக்குப் பின்னாடி, பனமரத்துக்குக் கிழக்கால போச்சு. நான் சின்னப் புள்ளையா இருக்கச்சே அதுலதான் குளிச்சேன். அவ்ளோதான். அதுக்கு மேல எவனாவது ஒரு வார்த்தை பேசுனீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன், ஆமா."

தெரு தலையாட்டியது. மளிகைக் கடை நயினார்கூட, "சரிக்கா, அப்படியே சொல்லிருதேன்" என்றார்.

ஜாஹ்னவி வீடு வீடாகக் கேட்டாள். சுந்தராம்பாள் காய்கறி வாங்குகிற சாக்கில், விளக்குமாறு கேட்கிற சாக்கில், ஒவ்வொரு வாசலிலும் போய்க் காதைக் கொடுத்தாள். ஒருத்தர் மாறவில்லை. எல்லாரும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார்கள். பரவாயில்லையே என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

கேட்டு முடித்தவள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டுமா இல்லையா? கிளம்பவில்லை. சாயங்காலம் கீழே வந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு பேசினாள்.

"மெட்ராஸ் கடலோர மணல்ல முளைச்ச ஊரும்மா. வெள்ளைக்காரன் மணல்மேட்டுல கோட்டை கட்டினான். சுத்தி இருந்த மீனவக் குப்பம், கோயில் இருக்கற ஊர் எல்லாம் அதோட ஒண்ணாச் சேர்ந்து நகரமாச்சு. ஆனா ஊருக்குள்ள ஓடற அடையாத்துக்குப் பெரிய மலை கிடையாது. இந்தப் பக்கத்து ஏரியெல்லாம் நிரம்பி வழியற தண்ணிதான் அந்த ஆறு. பீச்ல நின்னு பார்த்தா அந்த ஊர் புரியாது. இங்க வந்து நின்னாத்தான் புரியும்."

"புரிஞ்சு இன்னா பண்ணப் போற?"

"எழுதப் போறேன்."

"எழுதி?"

அதற்கு ஜாஹ்னவி சிரித்தாள். மழுப்புகிறாள் பார், என்னமா மழுப்புகிறாள் என்று சுந்தராம்பாள் உள்ளுக்குள் பல்லைக் கடித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியேறிப் போய், வாசலில் நின்றபடியே சொன்னாள். "எங்க சொந்தக்காரங்க வராங்க. ரூமைக் காலி பண்ணிக்கோம்மா."

ஜாஹ்னவி ஏன் என்று கேட்கவில்லை. "சரிம்மா. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். நயினார் அண்ணனுக்கு எந்த ஊர்?"

"திருநெல்வேலிப் பக்கம்."

"இங்க எப்ப வந்தார்?"

"இப்பத்தான், கொரோனாவுக்குக் கொஞ்சம் முந்தி. ஏன்?"

"அவரும் சின்னப் பிள்ளையா இருக்கும்போது இந்தக் கால்வாய்லதான் குளிச்சாராம்."

அட கூறுகெட்ட மனுஷா! சுந்தராம்பாளுக்கு முகம் தொங்கிப் போனது.

"எத்தனையோ ஊர்ல கேட்டிருக்கேன்மா," என்றாள் ஜாஹ்னவி. "ஒரே வீட்டு அண்ணன் தம்பிகூட ஒரே மாதிரி சொல்ல மாட்டாங்க. சண்டை போட்டுப்பாங்க. இந்தத் தெருவுல மட்டும்தான் எல்லாருக்கும் ஒரே ஞாபகம்."

அவ்வளவுதான், சுந்தராம்பாளுக்கு அடக்கிவைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. "ஆமாடி! நான்தான் சொல்லிக்குடுத்தேன், இப்ப அதுக்கு இன்னான்ற? எந்த ஆபீஸ்டி உன்ன அனுப்புச்சு? பெரிய பெரிய கட்டடத்தயெல்லாம் வுட்டுட்டு எங்க மதில்தான் உன் கண்ணுல பட்டுச்சா? எம் புள்ள கல்யாணம் இந்த ரூம்லதான் கீது. இடிச்சுட்டு நாங்க எங்க போவோம்?"

"யாரும் அனுப்பலம்மா." ஜாஹ்னவியின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "அந்தப் பெரிய மழை வருஷம், எங்க வீடு சைதாப்பேட்டையில அடையாத்தோரம், கீழ்த்தளம். நான் பெங்களூர்ல வேலை பார்த்துட்டு இருந்தேன். அம்மாவுக்கு முட்டி வலி, வேகமா நடக்க வராது. விடியறதுக்குள்ள தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சு. மேல் வீட்டுக்காரர் படியில படுத்துக்கிட்டுக் கையை நீட்டியிருக்கார். எட்டல."

சுந்தராம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தண்ணி எங்கேந்து வந்துதுன்னு பார்க்கணும்னு தோணிச்சு. ஆத்தோரமாவே மேல ஏறி வந்துட்டு இருக்கேன். அதைத்தான் எழுதறேன்."

அந்த வருஷம் சுந்தராம்பாளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கலங்கலில் வழிய வழி இல்லாமல் ஏரி ஏறிக்கொண்டே போனது. தெருவே மொட்டைமாடியில் நனைந்துகொண்டு நின்றது. கடைசியில் கிழக்குக் கரை உடைந்து, அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் அந்தப் பக்கமாகப் போனது. "நல்லவேளை, நம்ம பக்கம் வரல" என்று சொல்லி அவள்தான் முதலில் ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினாள். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று அன்றைக்கு அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"அது எங்க ஏரித் தண்ணிதான்னு உனக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. இங்கேந்து வந்திருக்கலாம். இன்னும் எத்தனையோ ஊர்லேந்து வந்திருக்கலாம். எந்த ஊர்னு யாராலயும் சொல்ல முடியாது. அதான் ஒவ்வொரு ஊரா போயிட்டு இருக்கேன்."

மறுநாள் அவள் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

நோட்டீஸ் வரும் என்று சுந்தராம்பாள் காத்திருந்தாள். ஜீப் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினாள், போஸ்ட்மேனை முறைத்துப் பார்த்தாள். வருகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கச் சண்டை வார்த்தைகளை நாக்கில் தயாராக வைத்திருந்தாள். ஐப்பசி பிறந்தது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டி.வி.யில் சொன்னார்கள். ஒருத்தரும் வரவில்லை. அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை. படுத்தால், யாரோ படியில் குப்புறப் படுத்துக்கொண்டு கையை நீட்டுகிறார்.

மழைக்கு முன்னால் ரூஃப் போட்டுவிடலாம் என்று மேஸ்திரி மோகன் ஆட்களோடு வந்து நின்றார்.

"ரூஃப் வேணாம் மோகன்," என்றாள் சுந்தராம்பாள். "இந்த மதிலை இடி. தூணையும் எடு. கொட்டுன மண்ண அள்ளினு போவ லாரிக்குச் சொல்லியிருக்கேன்."

மேஸ்திரி இனியவனைப் பார்த்தார். இனியவன் அம்மாவைப் பார்த்தான். சற்று நேரத்தில் தெருவே வேலியோரம் கூடிவிட்டது. "ஆபீஸ்காரனுங்களோட சேந்துட்டா" என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். "நம்ம பின்பக்கத்தயும் காட்டிக் குடுத்திருப்பா, பாத்துகினே இரு." நயினார் கிட்டே வந்து, தணிந்த குரலில், "ஏக்கா, எவ்வளவு குடுத்தாவ?" என்று கேட்டார்.

அவள் கடப்பாரையை எடுத்தாள். இனியவன் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"யம்மா, அவ எழுதிப் போட்டுட்டாளா? நோட்டீஸ் வந்துச்சா? மறைக்காம சொல்லு."

"வரலடா. வந்திருந்தா கோர்ட்டு, கேஸுன்னு போயி, இந்தத் தூணைக் கட்டிப் புடிச்சினு நின்னிருப்பேன். எனக்குச் சண்டை போடத் தெரியும். அவ ஒண்ணுமே பண்ணலயேடா. அவங்கம்மாவுக்குக் கை எட்டலன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா, படுபாவி. நான் யாரோட சண்டை போடுவேன்?" அவள் அழுதுகொண்டிருந்தாள், தெருவே பார்க்க.

"பொண்ணு வூட்ல இன்னாம்மா சொல்றது?"

"ரூம் இல்லன்னு சொல்லு."

அவன் கடப்பாரையை விட்டான். அவள் மதிலில் முதல் அடியைப் போட்டாள்.