மாஸ்டர் வாய் திறக்காத நாள்

அந்தத் தையல் நிறுவனத்தில் மாஸ்டர் என்றால் அவர் ஒருவர்தான். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவுத்தாளைப் போட்டு, மின்கத்தியை ஓட்டி வெட்டுவது அவர் வேலை. தைக்கிற பெண்கள், "மாஸ்டர் வெட்டுன துணி தானா வந்து ஒட்டிக்கும்" என்பார்கள். அதைக் காதில் வாங்காதவர் போல அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு கட்டத்தில் நேர்கோடுகள் நெளிவதுபோல் தெரிய ஆரம்பித்தன. முதலில் கண்ணாடியைக் குறை சொன்னார், பிறகு விளக்கை. எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் புகை படிந்தாற்போல் ஒரு திட்டு. ஓரங்கள் தெரிந்ததால் நடமாட்டத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் கோட்டைப் பிடித்து வெட்டப் பழகிக்கொண்டார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. கண் போன மாஸ்டரை யார் வைத்துக்கொள்வார்கள் என்ற பயம்தான்.

பள்ளிச் சீருடைக்கான பெரிய ஆர்டர் வந்தபோது மாட்டிக்கொண்டார். வெட்டிக் கொடுத்த சட்டைக் கைகள் ஒரு கட்டு முழுக்கக் குட்டை. முதலாளி கீழே இறங்கி வந்தார். மாஸ்டரின் கை தப்பும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நேராகத் துணி விரிக்கிறவளிடம் போனார்.

அவளை எல்லோரும் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். பேசினால் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். துணியை விரித்துத் தாளைக் கவ்விகளால் இறுக்குவது அவள் பொறுப்பு. கவ்வியைச் சரியாக மாட்டாததால்தான் தாள் நகர்ந்துவிட்டது என்றார் முதலாளி. அவள் இல்லவே இல்லை என்றாள். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்க மாஸ்டர். கவ்வி இறுகியிருந்ததப் பாத்துட்டுத்தானே கத்திய வெச்சீங்க?"

கத்தி கோட்டை விட்டு விலகியது மாஸ்டருக்கு அந்த நேரமே கையில் தெரிந்திருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கத்தியில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதிக்கொண்டிருந்தார். அவர் மௌனமே முதலாளிக்குப் போதுமானதாக இருந்தது. அன்றோடு பட்டாசுக்கு வேலை போயிற்று.

போகும்போது அவள் அவரைப் பார்த்திருக்க வேண்டும். அவள் முகம் இருந்த இடத்தில் அவருக்கு அந்தப் புகைத்திட்டுதான் இருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று அந்தக் கணத்தில் நினைத்தார். அப்படி நினைத்ததுதான் பிறகு அவரைத் தூங்கவிடவில்லை.

அதற்குப் பின் கத்தியைத் தொடவே கை கூசியது. முதுகுவலி என்று சொல்லி லீவு போட்டார். ஒரு நாள் வீட்டில் தம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றினார். மனைவி ஒன்றும் கேட்காமல் துடைத்துவிட்டு, மறுநாளே கண் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நடுப்பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். பார்வை குறைந்தவர்களுக்குத் தொழில் பயிற்சி கொடுத்து, வேலையும் போகாமல் பார்த்துக்கொள்ள உதவும் ஒரு மையத்தைப் பற்றியும் சொன்னார்.

"கண்ணு போனதுக்கு எதுக்குங்க வெக்கப்படணும்?" என்றாள் மனைவி. தன்னுடைய வெட்கம் கண்ணைப் பற்றியது மட்டுமில்லை என்று அவளிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

மையம் ஒரு இரும்புக் கடையின் மாடியில் இருந்தது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகப் படியேறினார். உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் வாக்குவாதம் செய்வதுபோல் பேசிக்கொண்டிருந்தன. பயிற்சி கொடுக்கும் டீச்சருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வாசலில் இருந்த உதவியாளர் மாஸ்டர் வந்த கோலத்தை டீச்சரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

"கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வந்திருக்கீங்களாமே? இங்க முக்காவாசிப் பேருக்குக் கண்ணாடி இல்லாட்டியும் உங்க மூஞ்சி தெரியாது சார். தைரியமா கழட்டுங்க."

அறையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

திரையைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டரில் விரல் பழக அவருக்குச் சில மாதங்கள் பிடித்தன. துணிக் கணக்குப் போடுவது, மில்காரர்களோடு பேசுவது, எந்த ஆர்டருக்கு எது முதலில் என்று திட்டமிடுவது எல்லாம் அவருக்கு ஏற்கெனவே அத்துப்படி. கத்தியைப் பிடிக்க முடியாவிட்டாலும் இதையெல்லாம் அதே நிறுவனத்தில் செய்யலாம், முதலாளியிடம் பேச நானே வருகிறேன் என்றார் டீச்சர். அங்கே வேலையை ஏன் நிறுத்தினீர்கள் என்றும் கேட்டார்.

தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார் மாஸ்டர். வேறு ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டீச்சர் தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "கண்ணு போனது உங்க தப்பில்ல சார். இது உங்க தப்பு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. அந்தம்மா பேரு கெட்டுக் கெடக்கற எடத்துல போய், அதை மூடி வெச்சுட்டு உங்களுக்கு ஒரு நாற்காலி கேக்க என்னால முடியாது."

பட்டாசு இப்போது ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். அவளைப் பார்க்கப் பஸ்ஸில் போகும்போது மனைவியிடம் விஷயத்தை உடைத்தார். அவர் முழங்கையைப் பிடித்திருந்த கையை அவள் மெல்ல எடுத்துக்கொண்டாள். இறங்கும்போது படி இருந்ததால் மறுபடி பிடித்தாள்.

சலவைக் கடையில் பட்டாசு தேய்ப்பதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றார் அவர்.

"அன்னிக்கு அத்தனை பேருக்கு முன்னாடி தலையக் குனிஞ்சிட்டுப் போனேன். நீங்க இங்க வந்து ரகசியமாச் சொல்றீங்க. அங்க போய்ச் சொல்லுங்க. மன்னிப்பெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

அந்த வாரமே டீச்சரோடு நிறுவனத்துக்குப் போனார். மெஷின்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் என்று முதலாளியிடம் கேட்டார். சத்தம் அடங்கியதும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அந்தக் கைகளைக் குட்டையா வெட்டுனது நான்தான். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. சொல்ல வெக்கப்பட்டுட்டு, அவங்க மேல பழி விழட்டும்னு சும்மா இருந்துட்டேன்."

யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. ஒருவரும் திட்டவில்லை. யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா உங்கள அனுப்பிடுவேன்னு நெனச்சீங்களா?" என்றார் முதலாளி.

"ஆமா."

"அனுப்பியிருப்பேன்தான்" என்றார் முதலாளி தணிந்த குரலில். விசாரிக்காமல் ஒருத்தியை வெளியே தள்ளியதில் தனக்கும் பங்குண்டு என்று அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அன்று மாலையே சலவைக் கடைக்குப் போய்ப் பட்டாசைக் கூப்பிட்டார். வெட்டும் பிரிவுக்குப் பொறுப்பாளராக என்றால் வருகிறேன் என்றாள் அவள். அப்படியே வந்தாள்.

டீச்சர் பேசியதில் மாஸ்டருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. முதலில் சோதனையாக, பிறகு நிரந்தரமாக. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மில்களோடு பேசினார், துணிக் கணக்குப் போட்டார். வேலையில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் தையல் பெண்கள் அவரிடம் கேலி பேசுவதை விட்டுவிட்டார்கள். பட்டாசு வேலை விஷயம் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. மாஸ்டர் என்று கூப்பிடுவதும் நின்றுபோய், சார் ஆகிவிட்டது. அந்த ஒரு சொல்லை அவள் சொல்லும்போதெல்லாம் அவர் உடம்பு குன்றியது.

வேறு எங்காவது சேர்ந்துகொள்ளலாமே என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றார். மறுநாளும் வழக்கமான பஸ்ஸிலேயே வேலைக்குப் போனார்.

ஒரு நாள் மெஷின்களுக்கு நடுவே இருந்த நடைபாதையில், மையத்தில் கொடுத்த தடியைத் தட்டிக்கொண்டு போனபோது எதிரே பட்டாசின் குரல் கேட்டது.

"சார், நேரா வராதீங்க. பெட்டி அடுக்கியிருக்கு. இடது பக்கமா வாங்க."

யாராக இருந்தாலும் அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவருக்கு அது தெரியும். நன்றிம்மா என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்தபடி இடது பக்கமாக நடந்து தன் மேஜைக்குப் போனார்.