முதல் பாட்டில்

எங்கள் ஆய்வகத்துக்கு வந்த புதிய இயந்திரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. தனி அறை, ஏசி, விரல் பட்டாலே சிணுங்கும் திரை. நோயாளியின் ரத்தத்தைச் சத்துநீரில் கலந்த பாட்டிலை உள்ளே வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்கும். கிருமி வளர்வது தெரிந்தால் சிவப்பு விளக்கு, அதுவரை பச்சை.

அதற்கு முன் அந்த வேலை என்னுடையது. தினமும் காலையில் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு சொட்டை எடுத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். பார்த்ததையே மூன்று முறை பார்ப்பேன். என்னைவிட நத்தையே தேவலை என்பார் ஆய்வகத் தலைவர்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மதியம் அவருடைய மாமனாரைக் காய்ச்சலோடு வார்டில் சேர்த்தார்கள். இதயத்தில் செயற்கை வால்வு உள்ளவர்; ரத்தத்தில் கிருமி இருந்து கவனிக்காமல் விட்டால் உயிர் தங்காது. அவருடைய பாட்டில்தான் மாப்பிள்ளைக்கு முதல் பாட்டில் என்று தலைவர் முடிவு செய்தார். ரிப்பன் வெட்டும் மருத்துவமனை இயக்குநர் மறுநாள் காலைதான் வருவார். அதுவரை பாட்டிலைப் பழைய இன்குபேட்டரின் சூட்டில் வைக்கச் சொன்னார். வைத்தேன். பதினெட்டு மணி நேரம். நோட்டில் எழுதினேன்.

மறுநாள் கைதட்டலோடு பாட்டில் உள்ளே போனது. புகைப்படக்காரருக்காக இன்னும் இரண்டு முறை போனது.

மூன்று நாளும் பச்சைதான். காய்ச்சல் இறங்கவில்லை. கிருமி இல்லையென்றால் நான்காம் நாள் மதியம் கிருமிக்கான மருந்தை நிறுத்துவதாக வார்டில் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள், வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் கிருமிகளின் வளர்ச்சிப் பாடம். முதலில் மெதுவாக, பிறகு மளமளவென்று, பிறகு உணவு தீர்ந்து அப்படியே நிற்கும். மாப்பிள்ளை பார்ப்பது அந்த மளமள ஏற்றத்தை மட்டும். ஏற்றமெல்லாம் இன்குபேட்டரிலேயே முடிந்திருந்தால்? ஆனால் அந்தப் பாடத்தில் போன தேர்வில் நான் வாங்கியது நாற்பத்தெட்டு.

காலையில் தயங்கித் தயங்கித் தலைவரிடம் சொன்னேன். அவர் மனைவியும் அறையில் இருந்தார்.

"நாலு நாள் ஈவினிங் கிளாஸ் போனா மெஷினுக்கே பாடம் எடுப்பியா?" என்றார் தலைவர்.

"ஏங்க, அப்பாவுக்கு உடம்பு அனலா கொதிக்குது. வெளிய எடுத்துப் பாத்தா மெஷின் கோவிச்சுக்குமா?"

"சிவப்பு எரியாம யாரும் தொடக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கு."

"யார் போட்டது?"

"நான்தான்."

"அப்ப நீங்களே எடுங்க."

எடுத்தார். அடியில் ரத்தம் படிந்து, மேலே தெளிவாக இருக்க வேண்டியது கழுநீராகக் கலங்கியிருந்தது. பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டைச் சாயமேற்றிப் பார்த்தேன். ஊதா மணிகள், கொத்துக் கொத்தாக. மூன்று முறை பார்த்தேன்.

"என்னம்மா, இருக்கா இல்லையா?"

"இருக்கு மேடம்."

மருந்தை நிறுத்தவில்லை, கிருமிக்கு ஏற்றதாக மாற்றினார்கள். ஒரு வாரத்தில் மாமனார் எழுந்து உட்கார்ந்து மருத்துவமனைச் சாப்பாட்டைத் திட்டினார்.

நுழைவாயிலில் இப்போது ஒரு பலகை: 'புதிய கருவி: முதல் நோயாளியிலேயே வெற்றி'. எனக்குத் தலைவரிடமிருந்து ஒரு மெமோ: பாட்டிலைப் பதினெட்டு மணி நேரம் இன்குபேட்டரில் வைத்தது ஏன்?

நோட்டை எடுத்துப் பார்த்தேன். வைத்த நேரம், எடுத்த நேரம், வைத்தவர் கையொப்பம். எல்லாம் சரியாக இருந்தது, என் கையெழுத்தில். வைக்கச் சொன்னவருக்குத்தான் கட்டமில்லை. ஸ்கேலை வைத்து இன்று ஒன்று போட்டேன். கோடு கோணலோ என்று சந்தேகமாக இருந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.